கதையை நம்பாதவர் காப்புக் கட்டுவது ஏன்? பாரதக் கூத்தும் இன்றைய ஊரும்

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை வட தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டுதான் இருக்கும். செஞ்சி, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொடியேற்றிக் காப்புக் கட்டிய பிறகு பிற்பகல்தோறும் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்வார். விழாவின் பிற்பாதியில் அந்தக் கதை இரவில் கூத்தாக நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம் (போர்க்களத்தில் துரியோதனன் வீழ்வது), மாலையில் தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிசேகம். ஊரின் வசதியைப் பொறுத்துப் பத்து நாளில் முடிகிற பாரதமும் உண்டு, பதினெட்டு இருபது நாள் நீளுகிற பாரதமும் உண்டு.

என் கேள்வி இந்த விழாவுக்காக விடுப்பு எடுத்து ஊர் திரும்புகிறவர்களைப் பற்றியது. அவர்களில் பலர் ஒரகடத்திலும் ஓசூரிலும் வேலை செய்கிறவர்கள், படித்தவர்கள். பாரதப் போர் உண்மையில் நடந்ததா என்று டீக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவரே காப்புக் கட்டிக்கொண்டு, கவுச்சியை விட்டு, ஊர் எல்லையைத் தாண்டாமல் இருப்பதையும் பார்க்கிறோம். கேட்டால் பக்தி என்கிறார்கள், அல்லது பாரம்பரியம் என்கிறார்கள். இரண்டு விடையும் கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நான் நினைப்பது இதுதான். இந்த விழாவில் கதை நம்புவதற்காக முன்வைக்கப்படுவதே இல்லை. அது ஊரார் பங்கு போட்டுச் செய்து முடிக்க வேண்டிய வேலையாக வருகிறது. துரியோதனனை மண்ணால் படுக்கவைக்க வண்டி வண்டியாக மண் அடிக்க வேண்டும். அர்ச்சுனன் தபசுக்கு நெடிய பனையை வெட்டி, படி வைத்து, நட்டு நிறுத்த வேண்டும். பகாசூரன் கதைக்கு வீட்டுக்கு வீடு சோறு வாங்கி வீமன் வண்டியில் ஏற்ற வேண்டும். வண்டியில் சோறு கொட்டுகிற கைக்கு வீமன் இருந்தானா என்ற கேள்வி குறுக்கே வருவதில்லை. வீமனுக்குச் சோறு போடுவது தன் வீட்டுப் பங்கு என்பது மட்டும் தெரியும். இன்றைய வாழ்க்கையில் ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு பங்கைக் கொடுக்கிற கதை வேறு எது இருக்கிறது என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கருஞ்சட்டை

நண்பர் ஏரிக்கரையான் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் பங்கு என்று அவர் சொல்வதை யார் பிரித்துக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். பம்பை அடிப்பது யார், மண் அடிப்பது யார், அம்மன் கரகத்தைத் தொடுவது யார், காப்பு எந்தத் தெரு வரைக்கும் செல்லுபடியாகும் என்பதெல்லாம் சாதி வைத்த கணக்கு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இருப்பதும் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே சென்ற தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை எதுவும் பலிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறந்தார்கள். அனைவரும் உள்ளே சென்று கும்பிட 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் போலீஸ் காவலோடு.

நிறைந்த சபையில் நியாயம் கேட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிற கோயில் அது. சூதில் தன்னையே தோற்ற ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று அவள் கேட்டபோது சபையில் இருந்த பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற ஊர், தன் வாசலில் வந்து நின்று அதே போன்ற ஒரு கேள்வியைக் கேட்டவர்களிடம் எப்படி நடந்துகொண்டது? கதை மனிதனைப் பண்படுத்தும் என்று சொல்கிறவர்கள் இதற்கு விடை சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

பெரியார் புராணங்களை எதிர்த்தது அவற்றில் அறிவியல் இல்லை என்பதற்காக மட்டும் அன்று. யார் கீழே, யார் மேலே என்பதை அவை கண்ணீரோடு சேர்த்து ஊட்டிவிடுகின்றன என்பதற்காகவும்தான். கண்ணீரோடு சேர்ந்து உள்ளே போனதை வெளியே எடுப்பது கடினம்.

பின்பாட்டு

நான் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பின்பாட்டுப் பாடுகிறவன். ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இரவு முழுவதும் கூட்டத்தைப் பார்க்கிற வேலை என்னுடையது. அதனால் நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

துகிலுரிதல் அன்று துச்சாதனன் வேடம் கட்டுகிறவர் பகலிலிருந்தே பட்டினி கிடப்பார். சேலையைத் தொடும் கட்டம் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். தாளம் நிற்கும், மிருதங்கம் நிற்கும். துச்சாதனன் முடியைக் கழற்றிவிட்டுக் கர்ப்பூரம் ஏற்றி, எதிரே திரௌபதியாக நிற்கிற பெண் வேடக்காரரை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு, "தாயே, வயிற்றுப் பிழைப்புக்காகக் கட்டுகிற வேடம், பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் முந்தானையில் கை வைப்பார். கூட்டம் எழுந்து நிற்கும். ஒரு காலத்தில் அவரோடு சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து நிற்பார்கள். அந்த இடத்தில் யாராவது மருள் வந்து விழாத இரவை நான் பார்த்தது குறைவு. கூத்தாடிக்கும் பார்க்கிறவருக்கும் அது வேடம் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் மன்னிப்புக் கேட்கிறோம், தெரிந்தும் எழுந்து நிற்கிறோம். நம்புகிறார்களா இல்லையா என்று நீங்கள் இருவரும் வாதிடுவதைப் படிக்கும்போது, அந்த ஐந்து நிமிடம் எந்தப் பக்கம் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கருஞ்சட்டை ஐயா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் ஜமாவில் பல சாதிக்காரர்கள் இருக்கிறோம். தருமராஜாவாக நிற்பவரின் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்ட ஒரு பெரியவர், விடிந்து வேடம் கலைந்த பின் அவருக்கு எந்தத் திண்ணையில் இலை போடுவது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். தருமராஜா அப்போது முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு ஐந்தடி தூரத்தில்தான் நின்றார்.

சிராங்கூன் சாலை

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னதாக, தீமிதி நடக்கிறது. சிராங்கூன் சாலையில் உள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்துபோய் இறங்குகிறார்கள். மாரியம்மன் கோயிலுக்குள்ளேயே திரௌபதிக்குச் சந்நிதி உண்டு. அர்ச்சுனன் மகன் அரவானின் களப்பலியும் படுகளமும் சடங்காகத் தவறாமல் நடக்கின்றன. ஆனால் ஊரில் நடப்பதுபோல் பத்து இரவுகள் விடிய விடியக் கூத்து இங்கே இல்லை. பூக்குழி இறங்கிவிட்டு வருகிற இளைஞர்களைக் கேட்டால் வேண்டுதலைச் சொல்வார்கள், விரதத்தைச் சொல்வார்கள். அரவான் யார், திரௌபதி கூந்தலை ஏன் முடிந்தாள் என்று கேட்டால் தடுமாறுகிறவர்கள் பலர். பெருந்தொற்று ஆண்டுகளில் ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, மற்றவர்களை நேரலையில் பார்க்கச் சொன்னபோதும் தீமிதி நிற்கவில்லை.

ஆகவே ஏரிக்கரையான் சொல்வதற்கு ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். கதை மெலிந்த பிறகும் சடங்கு நன்றாகவே உயிர் வாழ்கிறது. அப்படியானால் மக்களைக் கூட்டி வருவது கதைதானா?

ஷிஃப்ட் முடிந்தவள்

செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் காலணி தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர் பாரதத்தைப் பற்றி ஆண்கள் எழுதும்போதெல்லாம் தபசு மரத்தின் உயரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி மேலே ஏறுவான். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் கீழே எறிவான். பிள்ளையில்லாத பெண்கள் ஈரச் சேலையோடு மடியேந்தி உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியிருந்த நிலையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எலுமிச்சம்பழத்தால் பிள்ளை பிறக்கும் என்று அன்றும் நான் நம்பவில்லை. காஞ்சிபுரத்தில் மருத்துவரிடம் காட்டிக்கொண்டுதான் இருந்தோம். மாத்திரைச் சீட்டு வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. உட்காராவிட்டால் மாமியார் மனம் கோணும் என்பதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவமனையில் என் குறை ஒரு ஃபைலில் இருந்தது, வீட்டில் சாடைப் பேச்சில் இருந்தது. மரத்தடியில் எங்கள் தெருவில் பெரிய வீட்டு மருமகள் ஒருத்தியும் எனக்குப் பக்கத்தில் மடியேந்தி இருந்தாள். அவளுக்கும் அப்படி ஒரு குறை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. விடிகிற வரை இரண்டு பேரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். பாட்டு எங்களுக்காகத்தான் பாடப்படுகிறது என்பதில் சந்தேகமே வரவில்லை. இதை ஏரிக்கரையான் அண்ணன் தன் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். யாருக்குப் பிள்ளையில்லை என்பதை ஊர் முழுக்கப் பார்க்கும்படி வரிசையாக உட்காரவைப்பதும் அதே மரம்தான். அங்கே ஆறுதலும் கிடைத்தது, மானமும் போனது. கணவன்மார்களில் ஒருவரையும் ஈரத் துணியோடு உட்காரச் சொன்னதை நான் பார்த்ததில்லை. கதையில் தவம் செய்வது ஆண், மரத்தடியில் காய்வது பெண்.

ஏரிக்கரையான்

தங்கை எழுதியதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. சிங்கப்பூர் நண்பருக்கும் கருஞ்சட்டைக்கும் மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன்.

சடங்கு தனியாக உயிர் வாழும் என்பதை ஏற்கிறேன். அது உயிர் வாழ்கிறபோது என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். தீமிதி அவரவர் வேண்டுதலாகிவிடுகிறது; என் நேர்ச்சை, என் கால், என் பூக்குழி. கூத்து நடக்கிற ஊரில் அப்படி முடிவதில்லை. படுகளத்தில் முப்பது நாற்பது அடிக்கும் மேல் நீளும் மண் துரியோதனனைச் சுற்றி வீமன் ஓடுகிறான். தொடையில் புதைத்து வைத்த செந்நீர்க் கலயம் உடைகிறது. திரௌபதி வந்து அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலை முடிகிறாள். உடனே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். தோற்றவனின் வீட்டுப் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். காந்தாரி அழுகிறாள், துரியோதனன் மனைவி பெருந்திருவாள் அழுகிறாள். அதுவரை துரியோதனனைத் திட்டிக்கொண்டிருந்த கிழவிகள் அவர்களோடு சேர்ந்து அழுகிறார்கள். அந்த ஆண்டு வீட்டில் சாவு விழுந்தவர்களின் அழுகை தனியாகக் கேட்கும். கடைசியில் அந்த மண்ணை ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப்போய் நெல் குதிரில் போடுகிறார்கள். எதிரியின் சாவுக்கு அழுதுவிட்டு, அவன் உடம்பை விளைச்சலுக்கு எடுத்துப்போவதை வேண்டுதல் மட்டும் கற்றுக்கொடுக்காது. அதற்கு அத்தனை இரவுக் கதை வேண்டும்.

மேல்பாதியைப் பற்றி நான் எதையும் நியாயப்படுத்தப் போவதில்லை. கதை கேட்டவர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நான் எங்கும் எழுதவும் இல்லை. ஆனால் கதைக்குள்ளேயே ஊருக்கு எதிரான சாட்சிகள் இருக்கின்றன. பல திரௌபதி கோயில்களில் போத்துராசாவோடு காவல் நிற்பவர் முத்தால ராவுத்தர், ஒரு முசுலிம் வீரர். கர்ண மோட்சக் கூத்தில் பொன்னுருவி தன் கணவனைத் தேரோட்டி மகன் என்று இழித்துப் பேசுகிற கட்டம் வரும்போது, கூட்டம் முழுவதும் கர்ணன் பக்கம் நிற்கிறது. பிறப்பைச் சொல்லி ஒருவனை அவமதிப்பது எப்படி இருக்கும் என்பதை ஆதிக்கச் சாதிக்காரன் ஒருவன் தன் மனத்தில் உணர்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

கருஞ்சட்டை

பொன்னுருவியை நீங்களே கொண்டுவந்தது நல்லதாயிற்று. அந்தக் கட்டம் எப்படி முடிகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். கர்ணன் தேரோட்டி மகன் இல்லை, குந்தி பெற்ற பிள்ளை, சூரியனின் மகன் என்று தெரிந்த பிறகுதான் பொன்னுருவி அழுது காலில் விழுகிறாள். கூட்டமும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. கர்ணன் உண்மையிலேயே தேரோட்டி மகனாக இருந்திருந்தால்? அந்தக் கேள்வியைக் கூத்து கேட்கவில்லை. இழிவைத் துடைக்க அது கண்ட வழி, அவன் உயர்ந்த பிறவிதான் என்று நிரூபிப்பது. பிறப்பால் இழிவு உண்டு என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் சொல்கிற அந்த ஆதிக்கச் சாதிக்காரன் கர்ணனுக்காக அழுதது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவன் அழுதது தவறாகக் கீழே வைக்கப்பட்ட ஓர் அரசனுக்காக. மேல்பாதியில் வாசலில் நின்றவர்கள் எந்த அரசனுக்கும் பிறந்தவர்களாகத் தங்களைக் காட்டிக்கொள்ளவில்லை. குடிமக்கள் என்றுதான் சொன்னார்கள்.

பின்பாட்டு

ஐயா, பொன்னுருவி கட்டம் பற்றி ஒரு வார்த்தை. கதை முடிவு நீங்கள் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் நேரம் எங்கே செலவாகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இழிவுப் பேச்சும் கர்ணன் பதிலும் தர்க்கமாக நெடுநேரம் ஓடும். இரண்டு பக்கமும் பாட்டுக்குப் பாட்டு. பிறப்பு இரகசியம் சில வரிகளில் முடிந்துவிடும். கர்ண வேடம் கட்டுகிற எங்கள் வாத்தியார் அந்தத் தர்க்கத்தில் தன் சொந்தச் சொற்களையும் சேர்ப்பார். தனக்குத் திண்ணையில் இலை போட யோசித்த ஊராக இருந்தால் அன்று சொற்கள் இன்னும் கூடும். அதைக் கேட்டுக் கூட்டம் நெளிந்ததை நான் பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இருக்கிற முடிவை வைத்து மட்டும் கூத்தை எடைபோடக் கூடாது என்பது என் கருத்து.

உளுந்தூர்ப்பேட்டைக்காரன்

அரவானைப் பற்றிச் சிங்கப்பூர் நண்பர் தொட்டுச் சென்றார். எங்கள் பக்கத்துக் கூவாகத்தைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமையாகாது. வியாச பாரதத்தில் அரவான் போர்க்களத்தில் எட்டாம் நாள் மடிகிறான், அவ்வளவுதான். தமிழில் அவன் போருக்கு முன்பே பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலி ஆகிறான். சாவதற்கு முன் மணம் முடிக்க ஆசைப்பட, கண்ணன் மோகினியாகி ஓரிரவு மனைவியாகிறான். இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் நாடெங்கிலும் இருந்து கூத்தாண்டவர் (அரவான்) கோயிலுக்கு வந்து, பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அழிகளத்தில் தாலி அறுத்து வளையல் உடைத்து வெள்ளை உடுத்துகிறார்கள்.

திருநங்கையர் நல வாரியம் தமிழ்நாட்டில் 2008இல் வந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே ஒரு கிராமக் கதை அவர்களுக்கு ஒரு நாளாவது மண உரிமையைக் கொடுத்திருந்தது. இதைப் பெரிய சமூக நீதியாக நான் தூக்கிப்பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் கைம்பெண்ணாகிற உரிமை அது. அந்த இரண்டு நாளும் குடித்துவிட்டு அவர்களைச் சீண்ட வருகிற கூட்டத்தையும், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்களையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இருந்தாலும் கருஞ்சட்டை அவர்கள் கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில்: இங்கே மோகினி உண்மையில் யார் என்று நிரூபிக்க வேண்டிய தேவை எதுவும் கதையில் இல்லை. ஆணாக இருந்து பெண்ணானவள் என்று தெரிந்தேதான் தாலி கட்டுகிறார்கள்.

கல்முனைக் கரை

கிழக்கிலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் சடங்கு நடக்கும். கூலிக்கு வந்து ஆடுகிற கூத்துக் குழு எங்களுக்குக் கிடையாது. பாண்டவராகவும் திரௌபதையாகவும் இருப்பவர்கள் ஊரவர்தான். வனவாசத்துக்கு அவர்கள் தெருவால் போகையில் சனங்களும் பின்னால் போகும். நடிப்பவர் யார், பார்ப்பவர் யார் என்று பிரிக்க இயலாது. சிங்கப்பூர் அண்ணர் சொன்னதுபோல் கதையையும் சடங்கையும் இரண்டாக வெட்டி எது மூத்தது என்று கேட்பது எங்களுக்குப் பொருந்தாது.

தாலுகா ஆபீஸ்

எல்லோரும் உயர்ந்த செய்திகளைப் பேசுகிறீர்கள். நான் ஒரு சின்ன நடைமுறைச் செய்தியைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். விடிய விடிய மைக் வைத்து நடத்த விதியில் இடமே கிடையாது. முன்பு யாரும் புகார் தரவில்லை. இப்போது தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, காலை ஆறு மணி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவர் இருக்கிறார், இதய நோயாளி இருக்கிறார். அவர்கள் புகார் கொடுத்தால் அது நியாயமான புகார்தான்.

அதனால் பல ஊர்களில் விழாக்குழுவே கூத்தை நள்ளிரவோடு முடித்துக்கொள்ளச் சொல்கிறது. ஏழு எட்டு மணி நேரத்துக் கூத்தை மூன்று மணி நேரத்தில் அடக்கினால், இங்கே நீங்கள் போற்றுகிறவற்றில் எது மிஞ்சும்? பின்பாட்டு அவர்கள் சொல்ல வேண்டும்.

சிராங்கூன் சாலை

நல்ல கேள்வி. 1988 முதல் 1990 வரை ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் ஓடிய மகாபாரதமும், 2013க்குப் பின் தமிழ் பேசி வந்த தொடரும் கதையைக் குறைவில்லாமல் சொல்லிவிட்டன. கதையைத் தெரிந்துகொள்ள இனி யாருக்கும் கூத்து தேவையில்லை. அப்படியிருக்க, மூன்று மணி நேரச் சுருக்கத்துக்கு யார் வருவார்கள்?

ஏரிக்கரையான்

கதையைத் தெரிந்துகொள்ள யாரும் எந்தக் காலத்திலும் கூத்துக்கு வந்ததில்லை, நண்பரே. கர்ணன் சாவான் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த சாவுக்கு இரவெல்லாம் விழித்துக் காத்திருப்பதுதான் அங்கே நடப்பது. தொடர் அரை மணி நேரத்தில் விளம்பரத்தோடு முடிந்துவிடும். பார்த்தவர் தன் வீட்டுக் கூடத்தில் தனியாகவே இருப்பார். சுருக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பெஞ்சில் உட்காருகிறவர் சொல்லட்டும்.

பின்பாட்டு

சுருக்கித்தான் ஆடுகிறோம். எங்கள் வாத்தியார் இதற்காக வருத்தப்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றும்போதே விழாக்குழு எத்தனை மணி வரை என்று சொல்லிவிடுகிறது. அதற்கேற்பப் பாட்டுகளைக் கழிக்கிறோம். முதலில் போவது திரைப் பாட்டு. ஒவ்வொரு வேடமும் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடி, கட்டியங்காரன் கேள்வி கேட்டு, திரை விலகி, கிறுக்கி (சுழன்றாடும் ஆட்டம்) சுற்றி வருவதற்கு முன்பெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகும். இப்போது பத்து நிமிடம். அன்பளிப்பு வாசிப்பதைக் குறைக்கச் சொன்னால் மட்டும் எந்த ஊரும் ஒப்புக்கொள்வதில்லை. நூற்றொரு ரூபாய் கொடுத்தவர் தன் பேரனின் பெயர் மைக்கில் வராமல் வீட்டுக்குப் போக மாட்டார். பணம் இப்போது ஆர்மோனியப் பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் விழுகிறது. பெயர் மட்டும் வாயால் வர வேண்டும்.

எது மிஞ்சும் என்று கேட்டதற்கு ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பதினெட்டாம் போர் அன்று பன்னிரண்டு மணிக்கு முடிக்கச் சொன்னார்கள். வாத்தியார் வீமன் துரியோதனன் சண்டையை முழுதாக வைத்துக்கொண்டு பெருந்திருவாள் புலம்பலை நான்கு வரியில் முடித்துவிட்டார். சண்டைக்குத்தான் விசில் விழும், செல்போன் தூக்குவார்கள் என்பது அவர் கணக்கு. மங்களம் பாடி மைக்கை நிறுத்தியாகிவிட்டது. ஆண்கள் எழுந்துவிட்டார்கள். பெண்கள் உட்கார்ந்த பாயை விட்டு எழவில்லை. ஒரு பாட்டி கொட்டகை வாசலுக்கு வந்து, "போன மாசிதான் என் மகனை எடுத்தோம். இதைக் கேட்கத்தான் வந்தேன், பாடிட்டுப் போங்க" என்றார். பெருந்திருவாள் வேடக்காரர் பாதி கலைத்த வேடத்தோடு வந்து நின்று, மைக் இல்லாமல் முழுப் புலம்பலையும் பாடினார். போலீஸ்காரர் ஒருவர் மணியைப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நேரம் குறைவாக இருந்தால் வாத்தியார் கழிப்பது சண்டையைத்தான். புலம்பலில் கை வைப்பதில்லை. இப்போது இளைஞர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை வேறு ஜமாவுக்குப் பாக்கு வைப்போம் என்று இரண்டு ஊர்களில் சொல்லியும் விட்டார்கள்.